முள்ளை விடாத மான்

ஏரிக்கரைக் காட்டில் ஒரு புள்ளிமான் நொண்டிக்கொண்டிருந்தது. அதன் முன்னங்காலில், குளம்புப் பிளவில், ஒரு கருவேல முள் ஏறி இரண்டு மாதம் ஆகியிருந்தது.

அந்தக் காட்டில் முள் எடுக்கிற வைத்தியர் ஓர் உண்ணிக்கொக்கு. எருமைகளின் முதுகில் உண்ணி பொறுக்கிப் பழகிய அலகு அதற்கு. தினமும் காலையில் மான் தவறாமல் கொக்கிடம் வரும். வலியைப் பற்றி விவரமாகச் சொல்லும். அழவும் அழும். கொக்கு அலகை நீட்டியதும் வெடுக்கென்று காலை இழுத்துக்கொள்ளும். நாளைக்குப் பார்க்கலாம் என்று போய்விடும்.

"நோகாம நுங்கு தின்னப் பாக்கிறா" என்று மரத்திலிருந்த குரங்கு கேலி செய்தது.

கொக்குக்கும் அப்படித்தான் தோன்றியது. ஒருநாள் மான் அசந்திருந்த நேரம் பார்த்துச் சட்டென்று கொத்தியது. முள் உடைந்து பாதி உள்ளேயே நின்றுவிட்டது. மான் மூன்று நாள் அந்தப் பக்கமே வரவில்லை. வைத்தியருக்கு அவசரம் வந்தால் இப்படித்தான் ஆகும்.

கோடையில் வற்றிக்கொண்டிருந்த ஏரி அதற்குள் இன்னும் வற்றியது. மலைக்கு அப்பால் இருக்கும் ஆற்றுக்குப் போவதென்று மான் கூட்டம் முடிவு செய்தது. இன்னும் பத்து நாளில் பயணம். வழியில் சிறுத்தை உண்டு. நொண்டுகிற மானால் அந்த மலையைத் தாண்ட முடியாது.

நான்காம் நாள் மான் வந்தது. கொக்கு அலகை நீட்டவில்லை. அவசரப்பட்டது தன் தப்புதான் என்று ஒப்புக்கொண்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டது.

"முள்ளு போயிட்டா உனக்கு என்ன நஷ்டம், தங்கச்சி?"

மானுக்குக் கோபம் வந்தது. வலி போவது நஷ்டமா என்று கத்தியது. கொக்கு காத்து நின்றது. காத்து நிற்பது கொக்குக்குப் புதிதா என்ன! வெகுநேரம் கழித்து மானே வாய் திறந்தது.

"கூட்டத்துக்கு முன்னால ஓடி வழி காட்டுறது என் வேலை. நான் காட்டின வழியிலதான் சிறுத்தை படுத்திருந்துச்சு. எங்க அக்கா போயிட்டா. அன்னைக்கு ஓடி வந்தப்பதான் இந்த முள்ளு ஏறுச்சு. கால் சரியாயிட்டா, மறுபடியும் என்னை முன்னால ஓடச் சொல்லுவாங்க, கொக்கண்ணே."

இத்தனை நாளும் கொக்கு மானின் காலை மட்டும்தான் பார்த்திருந்தது.

"சொல்லத்தான் செய்வாங்க. அந்தப் பயத்தை என் அலகால எடுக்க முடியாது. முள்ளை எடுக்கலாம். அதுவும் நீயா காலை நீட்டினாத்தான்."

மான் வற்றிய ஏரியைப் பார்த்தது. சேற்றை நக்கிக்கொண்டிருந்த குட்டிகளைப் பார்த்தது. பிறகு காலைத் தூக்கிப் பாறைமேல் வைத்தது. இந்த முறை இழுத்துக்கொள்ளவில்லை.

"எடுங்க" என்றது.

முள் வந்தது. ரத்தமும் வந்தது. மான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது.

பயண நாளன்று அது கூட்டத்துக்கு முன்னால் போய் நின்றது. பயம் போகவில்லை. பயத்தோடேயே நடந்தது, பிறகு ஓடியது. மூன்றாம் நாள் மாலை எல்லா மான்களும் ஆற்றில் வாய் வைத்துத் தண்ணீர் குடித்தன. ஒரு குட்டிகூடக் குறையவில்லை.

வலி போனால் போதும் என்பவர்கள் பலர். வலி போன பிறகு காத்திருக்கும் வாழ்க்கையை ஏற்கத் துணிந்தவருக்கே வைத்தியம் பலிக்கும்.