மணல் மடையை அடைத்தவர்

கதையை நான் சொல்கிறேன். தீர்ப்பை நீங்கள் சொல்லுங்கள்.

ராஜஸ்தான் பாலைவனத்தில் ஓர் எண்ணெய்க் கிணறு. செங்குத்தாக இறங்கி, பூமிக்கடியில் படுக்கைவாட்டில் திரும்பி ஓடுவது. அதனுள் பெரும் அழுத்தத்தில் நீரைச் செலுத்திப் பாறையைப் பிளப்பார்கள். பிளவு மறுபடி மூடிக்கொள்ளாதபடி, மாவுபோன்ற நுண்மணலை நீரோடு அனுப்பி முட்டுக் கொடுப்பார்கள். மணலைப் பாதியில் நிறுத்தினால் அந்த ஒரு பிளவுதான் வீண். நீரையும் சேர்த்து நிறுத்தினாலோ, வழியிலிருக்கும் மணல் குழாயில் படிந்து கிணறே அடைத்துக்கொள்ளும்.

பம்புகளை இயக்கும் பொறியாளர் பொற்கொடி, குளிரூட்டிய வண்டிக்குள் கணினித் திரைமுன் இருந்தாள். பக்கத்தில் தள மேலாளர் வரதராஜன். வெளியே, மணல் தொட்டியருகே சவரிமுத்துவும் ஐந்து ஆட்களும். இராமநாதபுரத்திலிருந்து ஒப்பந்தத்தில் வந்தவர்கள்.

முற்பகல் பதினோரு மணிக்குத் தூசி உறிஞ்சும் குழாய் கிழிந்தது. வெள்ளைத் தூள் ஆட்களை மூடியது.

"சார், மூச்சு விட முடியல. கொஞ்சம் நிறுத்துங்க," என்றார் சவரிமுத்து வாக்கிடாக்கியில்.

"இன்னும் இருபது நிமிஷந்தான். துண்டைக் கட்டிக்கிட்டு வேலையப் பாருங்க." வரதராஜன் பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"அலமாரியில முகமூடி இருக்கே சார்," என்றாள் பொற்கொடி.

"அது நாளைக்கு ஆய்வுக்கு வர்ற ஆபீசருங்களுக்கும்மா. பிரிச்சிடாதீங்க."

ஜன்னலுக்கு வெளியே ஒருவன் குனிந்து, சாம்பல் நிறத்தில் குழகுழவென்று துப்பினான். துப்பியதை மிதித்துக்கொண்டே மறுபடி தொட்டிக்குப் போனான். வரதராஜன் ஜன்னல் திரையை இழுத்துவிட்டார்.

"இதப் பாத்துக்கிட்டு டீ இறங்குமா?"

பொற்கொடி கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தானும் அப்படித் திரும்பிக்கொண்டதை நினைத்தபோது, தன் மேலேயே அருவருப்பு வந்தது.

எட்டாவது நிமிடம் மணலின் அளவு சரிந்து பூஜ்யமானது. சவரிமுத்து யாரையும் கேட்காமல் தொட்டியின் மடையை அடைத்துவிட்டு, ஆட்களைக் காற்று வரும் பக்கம் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

வரதராஜன் எழுந்தார். "பம்பையும் நிறுத்துங்க! கிணறு அடைச்சா அவனாலதான்னு எழுதிடலாம்."

பொற்கொடி நிறுத்தவில்லை. குழாயிலிருந்த மணல் முழுதும் உள்ளே போய்ச் சேரும்வரை வெறும் நீரை ஓடவிட்டாள். பிறகு முகமூடிப் பெட்டியைக் கிழித்து எடுத்துக்கொண்டு வெளியே ஓடினாள்.

கிணறு பிழைத்தது. மறுநாள் விசாரணை. "மேலிட உத்தரவுப்படி வேலையை முடிக்கப் பார்த்தேன்," என்றார் வரதராஜன். "கேட்டேன், கேக்கல; அடைச்சேன்," என்றார் சவரிமுத்து. கிணற்றைக் காத்ததற்காகப் பொற்கொடிக்குப் பாராட்டுக் கடிதம். மடையை அடைத்ததற்காகச் சவரிமுத்துவுக்கு வேலைநீக்கம் என்று முடிவானது.

மூவரில் யார் செய்தது சரி?

விடையைப் பொற்கொடியே அங்கே சொன்னாள்: "சவரிமுத்து அண்ணன் செஞ்சதுதான் சரி. கிணத்தை நான் காப்பாத்தினேன், நிஜம்தான். ஆனா அவர் அடைச்சிருக்கலேன்னா இருபது நிமிஷமும் நான் மணலை அனுப்பிக்கிட்டேதான் இருந்திருப்பேன். இதை எழுதிக்குங்க சார்." விசாரணை அதிகாரி எழுதவில்லை. அவர் கையிலிருந்த பேனாவை வாங்கி அவளே எழுதிக் கையெழுத்தும் போட்டாள்.