கண் படாத வீடு

முன்னொரு காலத்தில், பெயரைச் சொன்னால் வம்பு என்று நான் சொல்லாமல் விடும் ஒரு நாட்டில், அரசனுக்கு ஓர் ஆசை வந்தது. உப்பரிகையில் நின்றால் வேலைக்காரர்களின் வீடுகள் தெரிய வேண்டுமாம். அவர்களுக்காக ஒரு மாடிக்குத் தோண்டிய அஸ்திவாரத்தின் மேல் மூன்று மாடி எழுப்பச் சொன்னான். மராமத்து அமைச்சர் அனந்தமூர்த்தி, "உத்தரவு" என்று குனிந்தார். தூர்த்த குளம், உவர் மணல், ஈரம் காயாத சுண்ணாம்பு. மழைக்காலத்தில் ஒரு விடியலில் கட்டடம் அப்படியே உட்கார்ந்துவிட்டது. தூங்கியவர்களைப் பாயோடு எடுத்தார்கள்.

"கண் திருஷ்டி, அரசே!" என்றார் அமைச்சர். "எதிர்வீட்டுக் கீரைக்காரி வெயிலாச்சி தினமும் அதையே வெறித்துப் பார்த்தாள்."

பார்த்தாள்தான். கீழ்த்தளத்தில் குடியிருந்தது அவள் மகள். தூணில் விரிசல் கண்டு அரண்மனை வாசலில் கத்தியவளைக் காவலர்கள் விரட்டினார்கள். இப்போது மகளும் இல்லை.

"பட்ட கண்ணைப் பிடுங்குங்கள்!" என்றான் அரசன்.

விகடகவி பொன்னுரங்கன் மேல் அமைச்சருக்கு வெகுநாள் பொறாமை. "எந்தக் கண் என்று பொன்னுரங்கனே விசாரித்துச் சொல்லட்டும். தவறினால் அவர் கண்" என்றார். அரசனும் தலையாட்டினான்.

பொன்னுரங்கன் திரும்பிப் பார்த்தார். வெயிலாச்சியின் தலைமுடியில் இன்னும் இடிபாட்டுத் தூசி இருந்தது.

அரசன், அமைச்சர், கட்டட வேலையின் மேற்பார்வைக்காரர், வெயிலாச்சி எல்லாரையும் அவர் இடிபாட்டுக்கே வரவழைத்தார். பக்கத்தில் கொல்லன் கண் பிடுங்கக் கம்பி காய்ச்சிக்கொண்டிருந்தான்.

"மேற்பார்வைக்காரரே, இந்த அஸ்திவாரத்தின் மேல் உங்கள் கண் பட்டதா?"

"ஐயையோ! இந்தப் பக்கமே நான் வந்ததில்லை. குலதெய்வத்தின் மேல் ஆணை!"

"மணல், சுண்ணாம்பு?"

"படவே இல்லை!"

அனந்தமூர்த்தி தம்மைக் கேட்கும் முன்பே முந்திக்கொண்டார்: "என் கண்ணும் படவில்லை, அரசே! வரைபடத்தைக்கூட நான் பிரித்துப் பார்த்ததில்லை!"

அரசன் வயிறு குலுங்கச் சிரித்தான். "பார்ப்பதற்குத்தானே ஐயா உமக்குப் பதவி!"

பொன்னுரங்கன் சிரிக்கவில்லை. "பட வேண்டிய கண் படாமல் விழுந்த வீடு, அரசே. பட்ட ஒரே கண் இவளுடையது. அதைத்தான் பிடுங்கச் சொன்னீர்கள். தங்கள் கண் எங்கே பட்டது?"

அரசனின் சிரிப்பு நின்றது. "உச்சியில்" என்றான். "அடியில் படவில்லை."

அமைச்சரையும் மேற்பார்வைக்காரரையும் சிறைக்கு அனுப்பிவிட்டு, கழுத்து முத்துமாலையைக் கழற்றிப் பொன்னுரங்கனிடம் நீட்டினான்.

"மாலை வேண்டாம், அரசே. இதே அமைச்சர் கட்டிய இன்னொரு வீட்டு வரிசை வடக்குத் தெருவில் நிற்கிறது. மழையும் விடவில்லை. அதன் மேல் இவள் கண் படட்டும். அதுவே எனக்குப் பரிசு."

அரசன் சம்மதித்தான். வெயிலாச்சி போய்த் தூணைத் தடவினாள். விரிசலுக்குள் விரல் முழுசாகப் போனது.

"புள்ளைகளத் தூக்கிட்டு வெளிய வாங்க, தாயி! சட்டி பானை கெடக்கட்டும்!"

அன்று விரட்டிய காவலர்களே பிள்ளைகளைத் தூக்கி வந்தார்கள். பொழுது சாயும் முன் அந்த வரிசையும் சரிந்தது. அடியில் சட்டி பானைகள் மட்டும் நொறுங்கின.

அதன்பின் அந்த நாட்டில் குழியை அவள் பார்த்த பிறகே கல் வைத்தார்கள், மணலை அவள் பார்த்த பிறகே சாந்து குழைத்தார்கள். பால் காய்ச்சும் வீட்டில் முதலில் கேட்பது, "வெயிலாச்சி கண்ணு பட்டுச்சா?" என்பதுதான். பட்டது என்றால் ஊரே சந்தோஷப்படும். அவள் மட்டும் பால் குடிக்காமல் வீட்டுக்குப் போய்விடுவாள்.