அடிப்பக்கம் பார்க்காத சாமந்தி

கடலோரப் பாறைக் குழி ஒன்றில் சிப்பிகள் கூட்டமாக ஒட்டி வாழ்ந்தன. அவற்றின் நடுவே, கொட்டும் விரல்களைப் பூவிதழ் போல விரித்திருக்கும் கடல் சாமந்தி ஒன்றும், அருகில் ஒரு நட்சத்திர மீனும் இருந்தன.

சில நாட்களாக அங்கே யாருக்கும் நிம்மதி இல்லை. கடல் ஏறி இறங்கும்போதெல்லாம் ஒரு சிப்பி செத்துக் கிடந்தது. ஓடு மட்டும் மிஞ்சியது. உள்ளே சதை இல்லை!

எல்லோருடைய சந்தேகமும் புதிதாக வந்த புழுவின் மேல் விழுந்தது.

"நம்மைப் பாருங்கள்!" என்றது நட்சத்திர மீன். "எனக்கு ஐந்து கைகள். சாமந்தி அக்காவுக்குச் சுற்றிலும் விரல்கள். எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் ஒரே மாதிரி இருக்கிறோம். முன்னும் இல்லை, பின்னும் இல்லை. இவனுக்கோ ஒரு முனையில் தலை, மறுமுனையில் வால்! தலை நம்மோடு பேசும்போது வால் என்ன செய்கிறதோ!"

"என் இடதும் வலதும் ஒரே அளவுதான், அண்ணே!" என்றது புழு.

"அதுதான் பயமாக இருக்கிறது! ஒரு பாதி திருட, மறுபாதி மறைக்குமோ?"

ஒரு குட்டிச் சிப்பி மெல்லக் கேட்டது: "எனக்கும் இரண்டு பாதி ஓடுதானே?"

"நீ வேறு, அவன் வேறு!" என்று அதட்டியது நட்சத்திர மீன்.

சாமந்தி யோசித்தது. அதற்கும் பயம்தான். "நீ கீழே மணலுக்குப் போய்விடு" என்றது புழுவிடம். புழு நெளிந்து இறங்கி மணலுக்குள் புகுந்தது.

"இனி நானே காவல்!" என்ற நட்சத்திர மீன், குட்டிச் சிப்பியின் மேல் ஏறி ஐந்து கைகளாலும் அணைத்துக்கொண்டது.

கடல் ஏறியது. குட்டிச் சிப்பிக்கு மூச்சு முட்டியது.

"அண்ணே, ஏன் ஓட்டைப் பிடித்து இழுக்கிறீர்கள்?"

"பேசாதே. நன்றாக மூடியிருக்கிறாயா என்று பார்க்கிறேன்."

"ஐயோ, திறக்கிறதே! யாராவது வாருங்கள்!"

அலறல் மணலுக்குள் கேட்டது. 'எனக்கென்ன?' என்று ஒரு கணம் நினைத்தது புழு. ஆனாலும் படுத்திருக்க முடியவில்லை. சிப்பிகளின் இடுக்கு வழியாக நெளிந்து ஏறியது. கீழிருந்து பார்த்ததும் கத்தியது.

"அக்கா! இவன் வாய் அடியில், நடு வயிற்றில் இருக்கிறது! குட்டியைத் தின்கிறான்!"

சாமந்தி வளைந்து, தன் விரல்களால் நட்சத்திர மீனைக் கொட்டியது. சுருக்கென்று வலித்ததும் அது பிடியை விட்டது. வந்த அலை அதைப் புரட்டி வெளியே இழுத்துப் போனது. குட்டிச் சிப்பி ஓட்டை இறுக மூடிக்கொண்டு விம்மியது.

"எல்லாப் பக்கமும் பார்த்தேனே, தம்பி! அடிப்பக்கத்தைப் பார்க்கவில்லையே!" என்று விரல்களைத் தாழ்த்தியது சாமந்தி. "மேலே வந்து எங்களோடு இரு."

"வருகிறேன், அக்கா. ஆனால் என் வாலை யாரும் முறைத்துப் பார்க்கக் கூடாது!" என்றது புழு.

நம்மைப் போல் இல்லை என்பதற்காக ஒருவனைச் சந்தேகிப்பவர்கள், தம்மைப் போலவே இருக்கும் திருடனிடம் ஏமாந்து போவார்கள்.