எதிர்வீட்டுப் புகை

அந்த மலைச்சரிவில் மழையும் மூடுபனியும் கலந்து, பகலா அந்தியா என்று தெரியாதபடி வெளிச்சம் பாலாகக் கரைந்து கிடந்தது. வீடுகள் மேகத்தில் மிதந்தன.

தெருவின் மேல்கோடிக் குடிலில் உலகம்மை இருந்தார். அவருக்குச் சீடராக வந்த சாத்தப்பன் அவரைவிட மூத்தவர். மகள் பவளக்கொடியை அதே தெருவில் கட்டிக்கொடுத்த பிறகு ஞானம் தேடி வந்தவர்.

அன்று ஓடைக்குப் போன உலகம்மை வெறுங்குடத்தோடு திரும்பினார்.

“இவ்வளவு மழையில ஓடை வத்திப்போச்சு. மேலே எங்கேயோ மண்ணு சரிஞ்சு தண்ணியை மறிச்சு நிக்குது. அது உடைஞ்சா தெரு இருக்காது. எல்லாரையும் எதிர்மேட்டுப் பாறைக்குப் போகச் சொல்லுங்க.”

சாத்தப்பன் ஓடினார். ஒவ்வொரு கதவாகத் தட்டினார். கேட்டவர்களின் முகம் வெளுத்தது. ஆனால் யாரும் வாசலைத் தாண்டவில்லை. பனிக்குள் கண்ணைச் சுருக்கி அடுத்த வீட்டைப் பார்த்தார்கள்.

பவளக்கொடி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். “பயமாத்தான் இருக்குப்பா. ஆனா எதிர்வீட்டுல அடுப்பு புகையுதே. நாங்க மட்டும் மூட்டையைத் தூக்கினா சிரிக்க மாட்டாங்களா?”

எதிர்வீட்டு மருதாயி சொன்னாள்: “உங்க பொண்ணே இன்னும் கிளம்பலையே அண்ணே.”

இரண்டு வீட்டுக்கும் நடுவே சாத்தப்பன் நனைந்தபடி நெடுநேரம் நின்றார். பிறகு குடிலுக்குத் திரும்பினார்.

“மலையே வருதுன்னு சொல்றேன் அம்மா. ஏன் அசைய மாட்டேங்கிறாங்க?”

உலகம்மை எழுந்தார். பாயைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கினார். அரிசிப் பானையைத் தலையில் வைத்தார். ஆட்டை அவிழ்த்தார். தெருவில் இறங்கி நடந்தார். எந்தக் கதவையும் தட்டவில்லை. ஆட்டின் மணியோசை மட்டும் பனிக்குள் போய்க்கொண்டிருந்தது.

மருதாயி எட்டிப் பார்த்தாள். “எங்கேம்மா?”

“பாறைக்கு.”

“எல்லாரும் போறாங்களா?”

“நான் போறேன்.”

மருதாயி உள்ளே ஓடி அடுப்பில் தண்ணீரை ஊற்றினாள். புகை அடங்குவதைப் பவளக்கொடி பார்த்தாள். பிள்ளையோடு வெளியே வந்தாள். அவளைப் பார்த்து இன்னொரு கதவு திறந்தது. அப்புறம் இன்னொன்று. கனவில் நடப்பவர்கள்போல், முகம் தெரியாமல், அத்தனை பேரும் மணியோசையின் பின்னே நடந்தார்கள்.

பாறையில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது தரை அதிர்ந்தது. பனி கிழிந்தது. கீழே தெரு இல்லை. செம்மண் மட்டும் மெல்ல அசைந்துகொண்டிருந்தது.

பவளக்கொடி பிள்ளையின் முகத்தை மார்போடு அழுத்திக்கொண்டாள். மருதாயி ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டாள். எல்லாப் பெயருக்கும் பதில் வந்தது.

சாத்தப்பன் உலகம்மையின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“அம்மா, நான் காலைப் பிடிக்காத குறையாக் கெஞ்சினேன். ஒருத்தரும் வரல. நீங்க யாரையும் கூப்பிடக்கூட இல்லையே?”

உலகம்மை முந்தானையைப் பிழிந்தபடி சொன்னார்:

“நீங்க சொல்லிட்டு, அவங்க கிளம்புறாங்களான்னு பார்த்துட்டு நின்னீங்க. அவங்களும் பார்த்துட்டுத்தான் நின்னாங்க.”