பச்சை இலை மிக்ஸி

கோயமுத்தூரில் மிக்ஸி கம்பெனி நடத்திய ராமானுஜுலு, புது மிக்ஸி ஒன்றை வடிவமைத்து அதில் பச்சை இலை ஸ்டிக்கரும் ஒட்டிவிட்டார். காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "பூமிக்குக் கெடுதலே பண்ணாத மிக்ஸி. ரிப்பேரே வராது. இனி சர்வீஸ் செக்‌ஷன் எதுக்கு, மூடிடலாம்" என்றார்.

அந்த செக்‌ஷனில் வேலை பார்க்கும் செல்லக்கிளி, "கெடுதல் இல்லைன்னு அளந்து பாத்தீங்களாங்க?" என்று கேட்டாள்.

"அதுக்கு வெளிநாட்டு மிஷின் வேணும் அம்மிணி. உன்கிட்ட இருக்குதா?"

"இருக்குதுங்க" என்று ஸ்க்ரூ டிரைவரை நீட்டினாள். "நீங்களே திறந்து பாருங்க."

முதலாளி மிக்ஸியைப் புரட்டினார், கவிழ்த்தார், வேர்த்து வழிந்தார். "ஸ்க்ரூவே இல்லையே. எல்லாத்தையும் ஒட்டியில்ல வச்சிருக்கோம்."

"உள்ள மோட்டார்ல நகம் அளவுக்குக் கார்பன் துண்டு இருக்குதுங்க. அது தேஞ்சு மிக்ஸி நின்னா அஞ்சு நிமிஷத்துல மாத்திடுவேன். திறக்கவே முடியலைன்னா முழு மிக்ஸியும் குப்பைக்குத்தானுங்க போகும்."

முதலாளி மிக்ஸியிலிருந்த இலையைப் பதமாக உரித்தார். அதை ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியில் ஒட்டி, அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.