டம்ளருக்குள் ஒரு வருஷம்

கிட்ட வந்து உட்காருங்க. இன்னும் கிட்ட. சத்தமாச் சொன்னா தோணிக்கடவுக்காரங்க காதுல விழுந்திடும். விழுந்தா கோவிச்சுக்க மாட்டாங்க, "அப்புறம் என்ன ஆச்சு?"ன்னு நம்மகிட்டயே கேட்பாங்க. அதுதான் தொந்தரவு.

தோணிக்கடவு காயல் ஓரத்து யூதக் குடியிருப்பு. அங்கே ஒரு பாலர் பள்ளி. ஐந்து வயதுப் பிள்ளைகள் பதினெட்டுப் பேர், தீனா என்று ஒரே ஒரு டீச்சர். "ஆறு வயதானவர்களுக்கு இங்கே இடமில்லை" என்று கதவில் பெயின்ட் அடித்திருக்கும். கட்டடம் கருவாட்டு வியாபாரி ஹனனியாவுடையது. "ஓய்வு நாள் சனிக்கிழமை தவிர, பள்ளி ஒரு நாள் காலியாக் கிடந்தாலும் அன்னைக்கே என் மூட்டை உள்ளே ஏறிடும்" என்று அவர் முன்பே சொல்லிவிட்டார்.

யூதர்களுக்குப் பஸ்கா பண்டிகையில் புளித்த மாவுப் பண்டம் ஆகாது. ஒரு துணுக்குகூட வீட்டில் இருக்கக் கூடாதென்று கோழி இறகால் மூலை முடுக்கெல்லாம் கூட்டித் தள்ளுவார்கள். பஸ்காவின் முதல் நாள் கழிந்ததும் நாற்பத்தொன்பது நாள் எண்ணுவார்கள். ஐம்பதாம் நாள் ஷாவுவோத் பண்டிகை, பால் பலகாரம்.

அந்த வருஷம் தீனா டீச்சர் ஒரு கண்ணாடி டம்ளரில் நாளுக்கொரு பார்லி மணி போட்டு எண்ணி வந்தாள். எட்டு மணி விழுந்த அன்று, அக்காவுக்குப் பிரசவம் என்று சேதி. ஊர்ப் பெரியவர்கள் எஸ்ரா, நகூம், ஒபதியா மூன்று பேரிடம் ஒரு காகிதத்தை எழுதிக் கொடுத்துவிட்டுத் தோணி ஏறினாள்.

எஸ்ராவுக்கு வாசிக்கத் தெரியும். நகூம், கடைசியாகப் பேசியவர் யாரோ அவர் கட்சி. ஒபதியாதான் புத்திசாலி, காணாமல் போன மூக்குக் கண்ணாடியைத் தன் மூக்கின் மேலேயே அரை நாளில் கண்டுபிடித்தவர்.

எஸ்ரா வாசித்தார்: "பிள்ளைகள் தினமும் கையால் ஒரு மணி போடட்டும். பால் எங்கிருந்து வருகிறது என்று காட்டுங்கள், தொட்டுப் பார்க்கட்டும். நாற்பத்தொன்பது சேர்ந்ததும் அரைத்து ரொட்டி சுடட்டும். எல்லாம் அவர்களே செய்யட்டும். நீங்கள் கை வைக்காதீர்கள்."

மூன்று பேரும் உடனே கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். கதவைத் தலையால் முட்டித் திறந்தார்கள்.

மறுநாள் பிள்ளைகளைப் பால்காரர் வீட்டுக்குக் கூட்டிப் போனார்கள். ஊருக்கே பால் அங்கிருந்துதானே வருகிறது. பதினெட்டுப் பிள்ளைகளும் பால்காரரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். கொல்லையில் நின்ற ஆட்டைத் தொடப் போன ஒரு பிள்ளையை, "பாடத்தைக் கவனி" என்று அதட்டினார் எஸ்ரா.

மணி போடும் வேலையும் சுத்தமாக நடந்தது. தினமும் பதினெட்டுப் பேரும் ஆளுக்கொன்று போட்டார்கள். சனிக்கிழமைக்கு உரியதை ஞாயிற்றுக்கிழமை சேர்த்துப் போட்டார்கள்.

இருபத்தோராம் நாள் எஸ்ரா டம்ளரைக் குனிந்து பார்த்தார். "இது நாப்பத்தொன்பது மாதிரி தெரியலையே."

எண்ணினார்கள். முந்நூற்று எண்பத்தாறு.

எஸ்ரா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "ஒரு வருஷமும் இருபத்தொரு நாளும் ஓடிப்போச்சு!"

"அதான் எனக்கு முட்டி வலி" என்றார் நகூம்.

"இந்தப் பிள்ளைங்களுக்கெல்லாம் ஆறு வயசாயிடுச்சே! கதவுல எழுதியிருக்கு. வெளியே அனுப்பினா பள்ளி காலி. காலியானா கருவாடு. டீச்சர் முகத்துல எப்படி முழிப்பேன்?" என்று புலம்பினார் எஸ்ரா.

சிம்கா என்று ஒரு வாண்டு எழுந்து நின்றாள். "மாமா, நான் போட்டது இருபத்தொண்ணு. டீச்சர் போட்டது எட்டு. இன்னைக்கு இருபத்தொன்பதாம் நாள்."

ஒபதியா கனிவோடு சிரித்தார். "அது உன் நாளு கண்ணு. மத்த பதினேழு பேரோட நாளெல்லாம் எங்கே போகும்?"

சிம்கா விரலை மடக்கி முதலிலிருந்து எண்ணத் தொடங்கினாள்.

ஒபதியா கண்ணை மூடி யோசித்தார். "மணி போட்டா வயசு ஏறுது. எடுத்தா இறங்கணும்."

"எடுத்து எங்கேய்யா வைக்கிறது? வச்ச இடத்துல வயசாகிடாதா?" என்றார் எஸ்ரா.

"வைக்கக் கூடாது. தின்னுடணும். ரொட்டி சுடச் சொல்லித்தானே எழுதியிருக்கு?"

"எத்தனை மணிய மிச்சம் வைக்க?" என்று கேட்டார் நகூம்.

"முகத்தைப் பார்த்துட்டே இருப்போம். அஞ்சு வயசு தெரிஞ்சதும் நிறுத்திடலாம்."

பிள்ளைகள் கூத்தாடிக்கொண்டு மணிகளைத் திரிகையில் கொட்டிச் சுற்றினார்கள். பழைய புளிச்ச மாவு ஒரு கை கலந்து தட்டி, நெருப்பில் போட்டார்கள். ஆளுக்கு ஒரு விள்ளல். பெரியவர்கள் மூவரும் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வந்தாச்சு! அஞ்சு வயசு!" என்று கத்தினார் எஸ்ரா.

டம்ளரைப் பார்த்தால் ஒரு மணிகூட இல்லை.

"எண்ணிக்கையே ஆரம்பிக்கலையா? அப்போ இன்னைக்குப் பஸ்கா முதல் நாள்!" என்றார் ஒபதியா.

"பஸ்காவா! பிள்ளைங்க வயித்துல புளிச்ச ரொட்டி இருக்கே!"

"பள்ளிக்குள்ள ஒரு துணுக்கு இருக்கக் கூடாதே!"

கையைத்தான் பயன்படுத்தக் கூடாது. மூன்று பேரும் ஆளுக்கொரு கோழி இறகைப் பல்லில் கடித்துக்கொண்டு, பதினெட்டுப் பிள்ளைகளையும் மூலை முடுக்கு விடாமல் கூட்டி வெளியே தள்ளினார்கள். பிள்ளைகள் கூச்சத்தில் கெக்கெக்கே என்று சிரித்து உருண்டார்கள். பள்ளி சுத்தமானது. காலியுமானது.

அடுத்த நிமிஷம் ஹனனியா தலையில் மூட்டையோடு வாசலில் நின்றார். "என்னப்பா, ஆளில்லை போலிருக்கே!"

எஸ்ரா அழுதேவிட்டார். ஒபதியா இறகைத் துப்பினார். "முதலாளி, பஸ்கா அதுவுமா மூட்டை தூக்கறீங்களே! ஊரு என்ன சொல்லும்?"

"இன்னைக்கா?"

"டம்ளரைப் பாருங்க."

ஹனனியா டம்ளரைப் பார்த்தார். அவரும் தோணிக்கடவுக்காரர்தானே! மூட்டையை அங்கேயே போட்டுவிட்டு, "ஐயோ, வீட்ல ஆப்ப மாவு இருக்கு!" என்று ஓடினார். பள்ளி பிழைத்தது.

அப்போது துறையில் ஒரு தோணி வந்து நின்றது. தீனா டீச்சர் சிரித்துக்கொண்டே இறங்கி வந்தாள். "அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கு!"

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இன்னும் பிறக்கலை டீச்சர்" என்றார் ஒபதியா மெதுவாக. "அவசரப்படாதீங்க. நீங்களே இன்னும் ஊருக்குப் போகலை."

பிறகு இருபத்தொரு நாளில் முதல் தடவையாகக் கையை முதுகிலிருந்து எடுத்து, மடியில் வைத்திருந்த காகிதத்தைப் பிரித்து, டீச்சர் கையில் பத்திரமாக வைத்தார்.

"இதைத் தொலைச்சுடாதீங்க. எட்டு நாள் கழிச்சு நீங்க எழுத வேண்டியது."