சுவர்க்கோழி வாய் மூடியபோது

ஒரு காட்டில், மலைச்சரிவு முடிகிற இடத்தில், ஒரு வெள்ளெலி வளை தோண்டிக் குட்டிகளோடு குடியிருந்தது. அதன் துணையைப் பாம்பு கொண்டுபோய்விட்டது. அதனால் வெள்ளெலிக்குப் பயம் அதிகம். ஒரு குட்டி தும்மினாலும் அன்றைய தூக்கம் போயிற்று.

குழந்தைகளே, வெள்ளெலியின் வளைக்கு இரண்டு வாசல்கள் உண்டு. முன்வாசல் பாறைக்கு அடியில் வளைந்து வளைந்து போகும்; பெரிய மிருகம் எதுவும் நுழைய முடியாது. மற்றொன்று கள்ளவாசல். ஆபத்து வந்தால் தப்பி ஓடுவதற்காகக் குட்டிகள் படுக்கும் இடத்தை ஒட்டியே அது இருக்கும். உள்ளேயிருந்து மண்ணால் அடைத்திருப்பதால், வெளியே நின்று பார்த்தால் வெறும் தரைதான் தெரியும்.

பக்கத்து வளையில் ஒரு பெருச்சாளி இருந்தது. மகா வீறாப்பு. ஒருநாள் அதன் இடது காதில் பாதியைக் காணோம்.

"என்ன அண்ணா இது?" என்று வெள்ளெலி பதறியது.

"இலந்தை முள் கிழித்துவிட்டது. வேறொன்றுமில்லை" என்றது பெருச்சாளி.

அன்றிலிருந்து வெள்ளெலி தன் குட்டிகளை இலந்தைப் புதர்ப் பக்கமே விடவில்லை.

அந்தச் சரிவில் ஒரு கிழட்டு மூங்கில் விழுந்து கிடந்தது. கணுக்களையெல்லாம் கரையான் தின்றுவிட்டதால் உள்ளே குழாய்போல் ஆகிவிட்டது. மேல்முனையில் பேசினால் கீழ்முனையில் கேட்கும். மழை வருகிறது, கம்பு விளைந்திருக்கிறது என்று மேலே இருப்பவர்கள் சேதி சொல்வார்கள். ஒரே ஒரு குறை. மூங்கிலுக்குள் புகுந்துவிட்டால் எல்லார் குரலும் ஒன்றுபோலவே ஆகிவிடும்.

ஒருநாள் காலையில் வெள்ளெலி கீழ்முனைப் பக்கம் போனபோது மூங்கில் பேசியது.

"கீழே யார் அம்மா? வெள்ளெலி அம்மாவா?"

"ஆமாம், நீங்கள் யார்?"

"மலையுச்சி வளைக் காப்பு மன்றத்திலிருந்து பேசுகிறேன். உங்கள் வளையில் விரிசல் விட்டிருப்பதாக எங்களுக்குத் தெரிய வந்திருக்கிறது."

"விரிசலா? நான் ஒன்றும் பார்க்கவில்லையே, ஐயா."

"கண்ணுக்குத் தெரியாது அம்மா. காதுக்குத்தான் கேட்கும். வீட்டுக்குப் போய்ச் சுவரில் காதை வைத்துப் பாருங்கள். 'கிர்ர் கிர்ர்' என்று கேட்டால் உடனே வந்து சொல்லுங்கள். கேட்காவிட்டால் நல்லதாயிற்று."

வெள்ளெலி ஓடிப்போய்ச் சுவரில் காதை வைத்தது. 'கிர்ர்... கிர்ர்...' பிறந்தது முதல் அந்தச் சுவரில் இருந்த சத்தம்தான். என்றைக்கும் இருக்கிற சத்தத்தை யார் காது கொடுத்துக் கேட்கிறார்கள்?

"கேட்கிறது ஐயா" என்று திரும்பி வந்து மூச்சு வாங்கியது.

"அடடா, முற்றிவிட்டது. இன்று பொழுது சாய்வதற்குள் கூரை விழுந்துவிடும். குட்டிகள் இருக்கின்றனவா?"

"இருக்கின்றன. நான் என்ன செய்யட்டும்?"

"பயப்படாதீர்கள், நான் இருக்கிறேன். இங்கிருந்தே சரி செய்கிறேன். நீங்கள் கள்ளவாசலின் மண்ணை எடுத்துவிட்டுக் காற்று வர விடுங்கள். குட்டிகளோடு அதன் அருகில் உட்காருங்கள். சத்தம் நின்றால் விரிசல் மூடிவிட்டது என்று அர்த்தம். அக்கம்பக்கத்தில் மூச்சு விடாதீர்கள் அம்மா. சொன்னால் விரிசல் அவர்கள் வளைக்கும் பரவும்."

இத்தனை அக்கறையாக அதனிடம் யாரும் பேசி வெகுகாலம் ஆகியிருந்தது. வெள்ளெலி வீட்டுக்குப் போய், கள்ளவாசலின் மண்ணை அகற்றியது. வெளிச்சம் உள்ளே விழுந்தது. குட்டிகளை அணைத்துக்கொண்டு உட்கார்ந்தது.

கிர்ர்... கிர்ர்... பிறகு சட்டென்று நிசப்தம்.

"நின்றுவிட்டது கண்ணுகளா! பிழைத்தோம்" என்றது வெள்ளெலி.

"இல்லை அக்கா" என்று சுவரின் இடுக்கிலிருந்து ஒரு மெல்லிய குரல் வந்தது. ஒரு சுவர்க்கோழிப் பூச்சி மீசையை நீட்டியது. "அந்தச் சத்தம் நான்தான். தலைக்கு மேல் கனமான கால் நடந்தால் வாயை மூடிக்கொள்வது எங்கள் குல வழக்கம். இப்போது மேலே யாரோ நடக்கிறார்கள்."

மலையுச்சியில் இருப்பதாகச் சொன்னவருக்குத் தன் கூரைமேல் என்ன வேலை? வெள்ளெலி குட்டிகளை முன்வாசல் பக்கம் உருட்டித் தள்ளியது. அதே நொடியில் கள்ளவாசல் இருண்டது. காட்டுப்பூனையின் கை உள்ளே பாய்ந்தது. குட்டிகள் தப்பின. வெள்ளெலியும் தப்பியது, வால்நுனி மட்டும் பூனையின் நகத்தோடு போய்விட்டது.

மறுநாள் தண்ணீர் குடிக்க வந்த முயல் அதைப் பார்த்தது. "எங்கே அம்மா, வாலை அடகு வைத்துவிட்டாயா?"

'இலந்தை முள்' என்று சொல்ல வாயெடுத்த வெள்ளெலி அப்படியே நின்றது. அதன் கண்கள் அங்கே நின்ற பெருச்சாளியின் காதைத் தேடின. பிறகு நடந்ததை ஒன்றும் விடாமல் சொல்லியது.

முயல் விழுந்து விழுந்து சிரித்தது. "உன் கையாலேயே கள்ளவாசலைத் திறந்துவிட்டாயா? உன் மண்டையில் மூளையா, உமியா?"

"சிரிக்காதே" என்றது பெருச்சாளி. அதன் குரலில் வீறாப்பு இல்லை. "என் காதை முள் கிழிக்கவில்லை. எனக்கும் அந்தக் குரல்தான், அந்தச் சத்தம்தான். மானம் போகும் என்று மூடி மறைத்தேன். நான் அன்றே சொல்லியிருந்தால் இந்தப் பெண்ணின் வால் முழுசாக இருந்திருக்கும்."

பின்னால் நின்ற ஒரு கிழ எலி தன் நொண்டிக் காலைப் பார்த்துக்கொண்டு, "எனக்கும்தான்" என்றது.

முயல் அதற்குமேல் சிரிக்கவில்லை.

சில நாள் கழித்து மூங்கில் மறுபடியும் பேசியது. அப்போது அருகில் இருந்தது முயல்தான்.

"முயல் ஐயாவா? உங்கள் வீட்டுச் சுவரில் 'கிர்ர் கிர்ர்' என்று கேட்கிறதா, பாருங்கள்."

"நன்றாகக் கேட்கிறது ஐயா" என்றது முயல். "அது நின்றால்தான் எங்களுக்குப் பயம்."

கீழே, ஒவ்வொரு வளையிலும் சுவர்க்கோழிகள் பாடிக்கொண்டிருந்தன.

நீதி: ஏமாந்தவர் வாய் திறந்தால், அடுத்த வீட்டின் கள்ளவாசல் திறக்காது.